ஏழு பங்கு முதலாளி

போன தீபாவளிக்குக் கான்ட்ராக்டர்
கவரில் போட்டுக் கொடுத்தது மூவாயிரம்.
நைட் ஷிப்ட் முடிந்த காலையில்
புடவைக் கடைக்கென்று கிருஷ்ணகிரி பஸ் ஏறியவள்
குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் மனசு மாறி
நான் பிரேக் டிரம் தடவிப் பார்க்கும் கம்பெனியிலேயே
ஏழு பங்கு வாங்கிவிட்டேன்.
ஒன்று நானூற்றுப் பன்னிரண்டு.
மிச்சத்தில் மல்லிகை ஒரு முழம், ஒரு டீ.

மொத்தப் பங்கு ஆறு கோடியே சொச்சமாம்.
அதில் ஏழு.
வகுத்துப் பார்த்தால் அந்த நீளமான ஷெட்டில்
ஏதோ ஒரு நட்டின் ஒரு மரை எனக்குச் சொந்தம்.
எந்த நட்டு என்று சொல்லமாட்டார்கள்.

திம்மராயன் அன்றிலிருந்து
என்னை வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
"முதலாளி, கொஞ்சம் நகருங்க, டிராலி வருது."

சந்தை ஒன்பதேகாலுக்குத் திறந்து மூன்றரைக்கு மூடும்.
என் போனை ஆறு மணிக்கே கேட்டில் வாங்கி
நம்பர் போட்ட பையில் தொங்கவிடுவார்கள்.
ஷிப்ட் விட்டுத் திரும்ப வாங்கும்போது
என் சொத்து அதற்குள்
ஏறி, இறங்கி, முகம் கழுவி,
ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்திருக்கும்.
தினம் தினம் விலையைப் பார்க்காதே,
அதுதான் நல்லது என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.
எனக்கு அந்த நல்லதை
செக்யூரிட்டி செய்து தருகிறார்.

ஆடியில் அறிவிப்பு வந்தது:
பங்குக்கு ஆறு ரூபாய் ஈவு.
குறித்த நாளில் யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்கு.
நானூற்றைந்தில் படுத்த விலை
ஈவு கழிந்த காலையில்
முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பதில் எழுந்தது.
ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறினேன்.
அப்புறம் புரிந்தது,
கறந்த மடி அன்றைக்குச் சுருங்கத்தானே செய்யும்.

ஆண்டறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
டிப்ளமோ இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
நாலாம் பக்கத்தில் என்னை
அன்பார்ந்த பங்குதாரரே என்று அழைத்தார்கள்.
கான்ட்ராக்டர்கூட அப்படி அழைத்ததில்லை.
அறுபத்தொன்றாம் பக்கத்தில்
லாபம் கூடியதற்கு ஒரு காரணம்:
ஒப்பந்தப் பணியாளர் செலவில் காட்டிய சிக்கனம்.

சிக்கனம் எதுவென்று எனக்குத் தெரியும்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தருகிற போண்டா.
தையோடு நின்றது.
நாலாம் பக்கத்தில் இருப்பவளுக்காக
அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருப்பவள்
பசியோடு டிரம் தடவியிருக்கிறாள்.
யார் யாரிடம் கோபித்துக்கொள்வது?

ஆவணியில் பொதுக்கூட்டம், போனிலேயே ஓட்டு.
ஈவு தரலாமா? தரலாம்.
மேலாண்மை இயக்குநருக்குச் சம்பளம் உயர்த்தலாமா?
கூடாது, கூடாது, கூடாது,
ஏழு கூடாது.
கேள்வி இருந்தால் எழுதலாம் என்று ஒரு கட்டம் இருந்தது.
போண்டாவைப் பற்றி எழுதினேன்.
தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்றது கட்டம்.
தீர்மானம் நிறைவேறியது.
எதிர்ப்பு, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு சதவீதம்.
அந்தப் புள்ளிக்குப் பின்னால் எங்கேயோ
நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

நேற்று கம்பெனி பஸ் சாமல்பள்ளம் திரும்பும்போது
மெசேஜ் வந்தது.
நாற்பத்திரண்டு ரூபாய் வரவு.
கையால் எதையும் தொடாமல் வந்த காசு
என்று சொல்ல வாயெடுத்து
அடக்கிக்கொண்டேன்.
திம்மராயன் எட்டிப் பார்த்தான்.
"அஞ்சு போண்டா, முதலாளி. மேல ரெண்டு ரூபா."
கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி,
"அந்த டீமேட் கணக்கு எப்படித் தொடங்கறது?"

ஈவை ஈவாகத் தின்றுவிடாதே,
மறுபடி பங்காகப் போடு என்பார்கள்.
போடலாம்.
விலை இப்போது முன்னூற்று எழுபத்தெட்டு.
வருஷத்துக்கு நாற்பத்திரண்டாகச் சேர்த்தால்
எட்டாவது பங்கு வாங்க ஒன்பது வருஷம்.

என் ஒப்பந்தம் பதினோரு மாசம்.